கரண்ட் வைத்த அறையில் பாடிய பாட்டு

சபையாரே, அறுபத்தொன்றாம் வருஷம் பொங்கல் கழிந்ததும், என் மனைவி சாராளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று பட்டணத்து டாக்டர் சொன்னார்.

என்னை உங்களுக்குத் தெரியும். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் என்னைத் தெரியாதவர் உண்டா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊரார் நிலத்தில் கூலிக்கு ஏற்றம் இறைத்தவன். அதே கையால் சொந்த நிலம் வாங்கினேன், கிணறு வெட்டினேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் முன்னால் கரண்ட் மோட்டார் போட்டவனும் நான்தான். அப்பேர்ப்பட்ட நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் தைரியம் சொன்னார். சீக்கிரமே வந்துவிட்டீர்கள், கரண்ட் வைத்தால் குணமாகும் என்றார். ஒரு மிஷினுக்கு அடியில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதிலிருந்து வரும் கதிர் புற்றைக் கருக்கும். படுத்திருக்கும்போது வலி கிடையாது. ஆனால் அங்கே எல்லோரும் அதைக் கரண்ட் என்றுதான் சொன்னார்கள். அந்த ஒரு சொல்தான் எங்களுக்கு வினையாக வந்தது.

முந்தின ஐப்பசி மழையில் எங்கள் மோட்டார் கொட்டகையில் ஒயர் அறுந்து விழுந்து, செவலைக் காளை கரண்ட் அடித்துச் செத்தது. சாராள் கண்ணெதிரே நடந்தது அது.

"மாட்டையே சுருட்டிப் போட்டுச்சேய்யா, என்னை இன்னா பண்ணும்? நான் வூட்லயே சாவுறேன், இட்டுக்கினு போ."

"ஏம்மே, இது வேற கரண்ட்டு. எனக்குத் தெரியாத கரண்ட்டா?"

"தெரிஞ்சவன் கொண்டாந்த கரண்ட்டுதானே மாட்டைக் கொன்னுச்சி?"



முதல் நாள் மிஷின் உறுமியதும் மேசையை விட்டு இறங்கி ஓடி வந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. சோறும் இறங்கவில்லை. நாளைக்கும் படுக்காவிட்டால் ஊருக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் மண்டி போட்டேன். நம் சபை ஐயர் மாதிரி கோவையாக ஜெபிக்க எனக்கு வராது. ஏற்றம் இறைத்த தொண்டைக்குத் தெரிந்தது ஒரே ராகம். என்னை அறியாமல் ஜெபமும் அந்த ராகத்திலேயே வந்தது.

"ஆழக் கெணத்துக்குள்ள அழுவுறேன் அப்பா,
மேல தூக்கு அப்பா, மெள்ளத் தூக்கு அப்பா."

என் குரல் இரண்டு கழனி தாண்டிக் கேட்கும். வார்டு ஜன்னலில் தலைகள் முளைத்தன. சாராள் தலையும் தெரிந்தது.

"இன்னாய்யா இது! ஆண்டவர் இன்னா கெணத்துக்குள்ளயா கீறாரு, இப்படிக் கூவுற?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நோய் என்று தெரிந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் அம்மா, "அவரு நல்லாத்தான் கூப்பிடுறாரு. நீயும் சேர்ந்து கூப்பிடேம்மா" என்றார். கல்யாணமான புதிதில் நான் ஏற்றத்தின் மேல் ஓர் அடி பாட, அவள் கீழே மடை திருப்பிக்கொண்டே மறு அடி எடுப்பாள். அன்று ஜன்னலிலிருந்து எடுத்தாள்.

"பாதியில வுடாத அப்பா, பத்திரமாத் தூக்கு அப்பா."

நர்ஸம்மா வேகமாக வந்து, "இது ஆஸ்பத்திரியா, சந்தையா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். சாராள் ஜன்னலிலிருந்தே குறுக்கே புகுந்து, "அம்மா, அந்தக் கரண்ட்டு ரூமுக்குள்ள பாடினா தப்பா?" என்று கேட்டாள். நர்ஸம்மா டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"வாய் அசையலாம், இடுப்பு அசையக் கூடாது. புரியுதா?"

மறுநாள் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மிஷின் உறுமியது. அந்த உறுமலுக்கு அடியில் மெல்லிசாக அவள் குரல் வந்தது. என் அடியையும் அவளே பாடினாள், தன் அடியையும் அவளே பாடினாள். கதவு திறக்கவில்லை. யாரும் ஓடி வரவில்லை. மிஷின் நின்ற பிறகும் பாட்டு நிற்கவில்லை.

"போதும்மா, முடிஞ்சிடுச்சி, எழுந்திரு" என்றார் நர்ஸம்மா.

"அதுக்குள்ளயா?" என்றாள் சாராள்.

நான் பெஞ்சிலிருந்து இறங்கி, பத்துப் பேர் பார்க்க, தரையில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிறகு கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாந்தி வந்தது, தோல் கறுத்தது. ஆனால் பயம் போய்விட்டது. பயம் போனதும் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, ஒரு நாள் தவறாமல் போய்ப் படுத்தாள். கடைசியில் டாக்டர் பரிசோதித்துவிட்டுப் புற்று இல்லை என்றார். இன்றைக்கு அவள் களத்தில் நின்று ஆட்களை வேலை வாங்குகிறாள், என்னையும் சேர்த்து.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் புதிதாகச் சிகிச்சைக்கு வந்து பயந்து நடுங்கும் பெண்களின் பக்கத்தில் அவள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். "உனுக்கு இன்னா பாட்டு தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருத்தி தாலாட்டு பாடுவாள், ஒருத்தி அம்மன் பாட்டு பாடுவாள். சாராளும் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டே கதவு வரைக்கும் கொண்டுபோய் விடுவாள்.

நான் சம்பாதித்ததில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கதவுக்குள் என் சாமர்த்தியம் ஒன்றும் போகவில்லை. ஆண்டவர் போனார்.

ஆகையால் சபையாரே, ஜெபிக்கத் தெரியவில்லையே என்று யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள். வாயில் எது வருகிறதோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் சுருதி பார்ப்பதில்லை. என் மனைவி பார்ப்பாள், அவர் பார்ப்பதில்லை.