தூரத்து நீல மலை

திருத்தணியில் திருப்பதி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். எதிரே டீக்கடையின் வெளிச்சுவரில் ஒரு மலை ஓவியம். உச்சியில் கோபுரம், சுற்றிலும் வெறும் வெள்ளை. இடது ஓரத்தில் மட்டும் இன்னொரு மலை, இருக்கிறதா இல்லையா என்று நீலமாய் மங்கித் தெரிகிறது.

ஓவியக் கண்காட்சிகளில் தாடியைத் தடவிக்கொண்டு பேசிப் பழகியவன் நான். வாய் சும்மா இருக்குமா? கடைக்கார அக்காவிடம் அளக்கிறேன்.

"அந்த வெள்ளையில எவ்வளவு தனிமை பாருங்கக்கா! தூரத்து மலைய மங்கலாக்கி ஆழம் காட்டியிருக்கார். பெரிய கலைஞர்."

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சிரிக்கிறார். "நீங்க வேற சார். நம்ம முருகன் மலைய போடுய்யான்னா, அந்தத் திருப்பதி பெயின்டரு பழக்கதோஷத்துல ஏழு மலை போட்டுட்டுப் போய்ட்டாரு. நான்தான் ஆறு மேல சுண்ணாம்பு அடிச்சேன்."

"அப்போ அந்த நீல மலை?"

"மழையில சுண்ணாம்பு கரைஞ்சிகினு வருது. ஒண்ணு எட்டிப் பாக்குது."

"மறுபடி அடிச்சிடுவீங்களா?" பதறுகிறேன். நான் கண்டுபிடித்த ஆழம் போய்விடுமே!

"எதுக்கு சார்? பெருமாளு முருகனுக்குத் தாய்மாமன். மருமவனப் பாக்க வந்துகினு இருக்காரு. சுண்ணாம்பு அடிச்சா தொரத்துவாங்க?"