கனகலதா பூட்டிவைத்த பால்கனி

திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கனகலதாவோடு வேலை செய்தவர்கள் யாரும் அவர் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எதிர்முனையில் என்ன கத்தினாலும், "லைன் கெடச்சதும் கூப்பிடறேங்க" என்று ஒரே சுருதியில் சொல்வார். மறுபடி கத்தினால் மறுபடி அதையே சொல்வார். 1979 ஐப்பசி மழையில் அந்தச் சுருதி வீட்டில் மட்டும் கெட்டது. காரணம், தேர் ஓடும் வீதியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த அவர் வீட்டு மாடி பால்கனி.

அதைக் கட்டியவர் அவருடைய கணவர் ஜினதாசன். மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்தார். கல்யாணமான புதிதில், கடலூர் பழைய துறைமுகத்தில் ஒரு கிடங்கை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, லாரியோடு போய் இரண்டு இரும்பு உத்திரங்களைச் சல்லிசாக வாங்கி வந்தார். அவற்றைச் சுவரில் செருகி, மேலே கல் பாவி, காரை போட்டு, பச்சைக் கம்பியழி வைத்தார். கார்த்திகைத் திருவிழாவில் ஏழாம் நாள் பெரிய தேர் வரும்போது அந்தப் பால்கனியில் நிற்பதற்காகவே கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் அவர் மண்டிக்குச் சரக்குப் போடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஜைனக் குடும்பம்; கோயில் அவர்களுடையது அல்ல. ஆனாலும் அன்றைக்கு வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

அந்த ஐப்பசியில் கனகலதா ஒன்றைக் கவனித்தார். எப்போதும் சுவரோரத் தூம்பு வழியாக வடிந்துவிடும் மழைத்தண்ணீர் வலது வெளி மூலையில் போய்த் தேங்கி நின்றது. கீழே வாசலில் அவர் போட்ட கோலத்தின் மேல் காலைதோறும் செங்காவித் தூள் உதிர்ந்து கிடந்தது.

"ஏங்க, பால்கனி ஒரு பக்கமா சாயுது. யாரையாவது கூப்ட்டுக் காட்டுங்க."

"கப்பல் சரக்கத் தாங்கின இரும்பு அது."

"அங்க எத்தன வருசம் உப்புக்காத்துல கெடந்துச்சோ. உள்ள துரு புடிச்சிருந்தா?"

"வெள்ளக்காரன் இரும்பு, துரு புடிக்காது" என்று சொல்லிவிட்டு ஜினதாசன் மண்டிக்குப் போய்விட்டார்.

கனகலதா தானே ஆள் தேடினார். எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே டீ குடிக்க வரும், தெரிந்த நகராட்சி ஓவர்சியர் ஒருவரிடம் சொன்னார். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கவலையோடு பார்த்தார். "நான் வந்தா, மொதல்ல தெரு மேல எத்தன அடி நீட்டிக்கிட்டு இருக்குதுனு எழுதணும்மா. பிளான்ல பால்கனி இருக்குதா?"

இல்லை.

"அப்ப நான் வராம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது."

அடுத்து, ரமணாசிரமம் பக்கம் குடிவந்திருந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர் கோதண்டராமன். பெரிய மனிதர், கூப்பிட்டதும் வந்தார். காபி குடித்தார். தாம் கட்டிய அணைக்கட்டைப் பற்றி, அதற்கு மண் எடுத்த இடத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். கனகலதா இரண்டு முறை மாடிப்படியைக் காட்டினார். மூன்றாம் முறை எழுந்து வந்து, பால்கனியில் கால் வைக்காமல், கதவோரமாக நின்று குடைக்காம்பால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"கேட்டீங்களா, கணீர்னு இருக்குது. இன்னும் அம்பது வருசத்துக்குக் கவலையே இல்ல."

"அடியில ஒரு தடவை பாத்துடறீங்களா சார்?"

"சத்தத்துலயே தெரிஞ்சுடும்மா."

"அப்ப அதையே ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, வீட்டுல எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும்."

கோதண்டராமன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எழுதறதுன்னா நான் பொறுப்பாயிடுவேனே" என்றார். பிறகு அணைக்கட்டின் மதகுகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். அன்று மாலை முதல் ஜினதாசன் பார்க்கிறவர்களிடமெல்லாம், "பெரிய இன்ஜினியரே வந்து பாத்துட்டாரு, அம்பது வருசம்னுட்டாரு" என்று சொல்ல ஆரம்பித்தார்.

கடைசியாகக் கொத்தனார் முருகையன் வந்தார். அவராவது ஏணி போட்டு ஏறினார். பால்கனி அடியில் ஓடிய ஒரு விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி, "ஒரு பூச்சு பூசி, சுண்ணாம்பு அடிச்சுட்டா தெரியாதும்மா" என்றார்.

"தெரியாம இருக்கறதுக்கா உங்களக் கூப்ட்டேன்?"

முருகையனுக்குக் கேள்வி புரியவில்லை. திருவிழாவுக்கு முன்னால் எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள் என்றார்.

அவர் எடுக்க மறந்த ஏணி சுவரிலேயே சாய்ந்து கிடந்தது. அடுப்படியிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு, கனகலதா தானே ஏறினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வலது உத்திரம் சுவரில் நுழையும் இடத்தில் காரையைச் சுரண்டினார். காரை விழுந்தது. பின்னால் இரும்பு இருந்தது, ஆனால் அப்பள அடுக்கு மாதிரி ஏடு ஏடாக இருந்தது. தோசைத் திருப்பியைச் செருகினார். கைப்பிடி வரைக்கும் போயிற்று.

சாயங்காலம், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கும் வழக்கப்படி ஜினதாசன் இலையில் உட்கார்ந்தபோது, கனகலதா அந்த இரும்பு ஏடுகளை ஒரு தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

ஜினதாசன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "மேல் தோலுதான் இது. உள்ள கெட்டியா இருக்கும். ரசம் ஊத்து."

கனகலதா ரசம் ஊற்றினார். அன்றிரவு பால்கனிக் கதவுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். மேலே நிற்பவர்களை அப்படித் தடுத்துவிடலாம். அடியில் நிற்பவர்களை என்ன செய்வது? தேரன்று பால்கனிக்குக் கீழே நிழலுக்கு ஒதுங்கும் கூட்டம், மேலே நிற்பதைவிட ஜாஸ்தி. தேர் நாள் காலையிலேயே வாசலில் கயிறு கட்டினார். சற்று நேரத்தில் யாரோ அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டார்கள். குறுக்கே இரண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட்டார். ரொம்ப நல்லதாகப் போயிற்று என்று ஒரு குடும்பம் அதில் உட்கார்ந்து புளிச்சோற்று மூட்டையைப் பிரித்தது.

"இங்க உக்காராதீங்கம்மா, மேல இடிஞ்சு விழற மாதிரி இருக்குது."

"தேர் போனதும் எழுந்துக்கறோம் தாயி" என்றாள் அந்த அம்மாள்.

மாடியில் அதைவிட மோசம். ஜினதாசனின் அக்கா ஜினமதி, கீழ்பென்னாத்தூரிலிருந்து பிள்ளை குட்டிகளோடு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். மூடிய கதவைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த கனகலதாவை மேலும் கீழும் பார்த்தார்.

"என் தம்பி கட்டின பால்கனி. அதுல நிக்க நான் உன்னக் கேக்கணுமா?"

"எங்க வேணா நில்லுங்க அண்ணி. இங்க மட்டும் வேணாம். ரெண்டு ஜன்னல் இருக்குது."

"ஜன்னல்ல பாக்கவா பஸ் ஏறி வந்தேன்?"

மண்டிக்குச் சரக்குப் போடும் விவசாயிகள் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சங்கடமாக நின்றார்கள். ஜினதாசன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியாது என்பதால் கனகலதா சமையற்கட்டுக்கு இறங்கினார். தட்டோடு திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. பூட்டோடு வந்த இரண்டாவது சாவி அரிசி டப்பாவில் இருந்தது ஜினதாசனுக்குத் தெரிந்திருக்கிறது. பால்கனி நடுவில், கடலைச் சாகுபடியில் அந்த வட்டாரத்திலேயே பெரிய கையும், அதற்கேற்ற உடம்பும் கொண்ட சின்னசாமி நின்றுகொண்டிருந்தார். கனகலதாவைக் கண்டதும் சிரித்துக்கொண்டே ஒரு குதி குதித்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

எல்லோரும் கனகலதாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு வேறு யாரும் போகாதபடி பால்கனி வாசலை மறித்து நின்றார்.

"உள்ள வாங்கண்ணே."

"ஒண்ணும் ஆகல, பாருங்கம்மா."

"ஆகலைங்க. உள்ள வாங்க."

"இத்தன நேரம் நின்னுட்டேன்..."

"மேல நிக்கறது நீங்க. கீழ உக்காந்து சோறு தின்னுட்டு இருக்கறது யாருன்னு எட்டிப் பாருங்க. பாத்துட்டு உள்ள வாங்க."

சின்னசாமி கம்பியழி மேல் குனிந்து கீழே பார்த்தார். கனகலதா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் உள்ளே வந்திருந்தார். கனகலதா கதவைப் பூட்டி இரண்டு சாவியையும் முடிந்துகொண்டார். தேர் வந்தது, ஜன்னலில் முறை வைத்துத் தலைகள் பார்த்தன, தேர் போயிற்று. ஜினமதி சாப்பிடாமல் பஸ் ஏறினார்.

அடுத்த சில மாதங்கள் கனகலதாவுக்குப் பொல்லாத காலம். "பால்கனி சௌக்கியமா?" என்று கடைத்தெருவில் கேட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் லைன் கேட்பவர்கள்கூடக் கேட்டார்கள். சின்னசாமி குதித்த குதி மண்டிக்கு மண்டி உயர்ந்துகொண்டே போயிற்று. ஜினதாசன் மனைவியோடு அளந்துதான் பேசினார். பால்கனி அப்படியே நின்றது. அது விழுந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, ஆளில்லாத நேரமாகப் பார்த்து விழுந்து தொலையட்டும் என்று ஒரு நாள் கனகலதா வாய்விட்டே சொன்னார்.

சித்திரையில் ஜினதாசனுக்கு ஸ்கூட்டர் வந்தது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த வண்டி. மாலை போட்டு வாசலில் நிறுத்தினார். இரண்டாம் நாள் மத்தியானம், யாரும் தொடாமலே, பால்கனியின் வலது மூலையிலிருந்து ஒரு முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் விழுந்தது. சீட்டு கிழிந்தது, முன்விளக்கு நொறுங்கியது.

ஜினதாசன் வண்டியைச் சுற்றி வந்தார். மேலே பார்த்தார். மறுபடி வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு முருகையனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

"இது ஆபத்துனு எனக்கு எப்பவோ சந்தேகம்" என்று முருகையனிடம் சொன்னார். கனகலதா வாசற்படியில்தான் நின்றிருந்தார்.

இடிக்கும் நாளில் தெருவே வந்து நின்றது. வலது உத்திரத்தைக் கடப்பாறையால் ஒரு நெம்பு நெம்பியதும் சுவருக்குள் இருந்த பகுதி பொடியாகக் கொட்டியது. மீதியை இரண்டு பேர் கையாலேயே இழுத்துப் போட்டார்கள். இத்தனை நாள் அது எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று முருகையனுக்கே விளங்கவில்லை. புளிச்சோறு தின்ற குடும்பம் கனகலதாவின் கண்ணுக்குள் வந்தது.

இடது உத்திரம் அசையவில்லை. அன்றும் அசையவில்லை, மறுநாளும் அசையவில்லை. மூன்று ஆட்கள் சம்மட்டி பிடித்து, சுவரில் பாதியை உடைத்த பிறகுதான் இறங்கியது. கழுவித் துடைத்துப் பார்த்தால், நேற்று வார்த்த இரும்பு மாதிரி இருந்தது. ஜினதாசன் அதைக் கொல்லையில் கல் மேல் தூக்கி வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். "கடலூர் இரும்பு. நான் சொன்னேன், யார் கேட்டாங்க" என்றார். வலது உத்திரத்தைப் பழைய இரும்புக்காரன் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டதால், காட்டுவதற்குக் கனகலதாவிடம் ஒன்றுமில்லை.

ஊர் மட்டும் ஒரு விதத்தில் மாறியது. எண்பதுகளில் வீட்டுக்கு வீடு மாடி எழும்பியபோது, "எக்ஸ்சேஞ்சு அக்கா வந்து ஒரு பார்வை பாக்கட்டும்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பச்சையம்மாள் என்ற பக்கத்துத் தெருக்காரி, கட்டி முடித்த மாடிக்கு அழைத்துப் போனாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஆட்டினால் ஆடியது.

"இத எடுத்துட்டு வேற கட்டுங்க."

"அடுத்த வாரம் கிரகப்பிரவேசம்க்கா. நீங்க நல்லா இருக்குதுனு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும், அவரு நிம்மதியாத் தூங்குவாரு."

கனகலதா வீட்டுக்கு வந்து செருப்பை உதறினார். "இனிமே எவ வீட்டு மாடிக்கும் நான் போகப் போறதில்ல" என்று ஜினதாசனிடம் சொன்னார். அவர், "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

கிரகப்பிரவேசத்தன்று பச்சையம்மாள் வீட்டு மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி முக்காலி போட்டு, பிள்ளைகள் யாரும் கிட்டே வராதபடி கனகலதா நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பந்தியில் அவரைக் காணவில்லை என்று பச்சையம்மாளுக்கு வருத்தம்.