நான்கு மணிக்கு ஓடிய இசைத்தட்டு

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. காஜா பெராங்கில், தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டிகளின் கம்பம் என்னும் குடியிருப்பை ஒட்டி, நானும் எங்கள் கல்யாண பேண்டில் டிரம்ஸ் வாசித்த நண்பனும் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் பேஸ் கிட்டார்.

ஜாலான் பெண்டஹாராவில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த இசைத்தட்டு கிடைத்தது. இங்கிலாந்துக் குழு ஒன்றின் புரோகிரசிவ் ராக். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. தாளம் ஏழுக்குப் போகும், ஐந்துக்கு இறங்கும், எங்கோ தொலைந்து மறுபடி வந்து சேரும். சினிமாப் பாட்டும் மலாய் ஜோகெட் ஆட்டப் பாட்டும் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, இப்படியும் இசை உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. உறையின் உள்பக்கம் யாரோ பேஸ் வாசிக்க விரல் எண்களைப் பென்சிலில் குறித்திருந்தார்கள். அதைப் பார்த்தே பழகினேன். தினமும் நான்கு மணிக்கு, பகல் வேலை முடிந்து வந்ததும்.

ஒருநாள் பாட்டு பாதியில் இருக்கும்போது வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். பக்கத்துக் கம்பத்துக்காரர். வெறுங்கால், விரல்களில் மாவு.

"சியாப்பா பாசாங் லாகு இத்து?"

அவருக்குத் தமிழ் வராது. பாட்டைப் போட்டது யார் என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நண்பன் ஊசியைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினான். "அந்தம்மா மவன் செத்து மூணு மாசந்தான் ஆவுது. அவனும் பேஸ்தான்லா வாசிச்சான். அவன் சாமான் எல்லாத்தையும் பழைய சாமான் கடையில போட்டுட்டாங்க."

மறுநாள் இசைத்தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நாலு மணிக்குப் போடு, அது போதும் என்றார்.

போட்டேன். சில நாட்கள் வாசலிலேயே வந்து நின்று கேட்பார். ஒருநாள் நான் கூடவே வாசித்துக்கொண்டிருந்தபோது முதல்முறையாகச் சிரித்தார். "அவனும் அந்த இடத்தில் இப்படித்தான் அவசரப்படுவான்," என்று மலாயில் சொன்னார்.

அவர் போனபின் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம்.

"இல்லடா," என்றான் நண்பன். "தட்டுல வெள்ளக்காரன் அங்க ஓடல. நீதான் ஓடுற."

பென்சில் எண்களிலிருந்தும் அந்த அவசரம் வந்திருக்க முடியாது; அவற்றில் வேகம் ஒன்றும் குறித்திருக்கவில்லை.

அதன்பின் வாசிக்க உட்கார்ந்தாலே என் இடது கையைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். கல்யாண மேடையில்கூட. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் பேண்டில் இடம் இருப்பதாகத் தெரிந்ததும் யோசிக்காமல் ஒத்துக்கொண்டேன். அந்த அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பினேன். இசைத்தட்டை விட மனமில்லை, என் ரெக்கார்டு பிளேயரோடு அதையும் எடுத்துக்கொண்டே போனேன்.

பத்து நாளில் நண்பனின் கடிதம் வந்தது. "தெனமும் நாலு மணிக்கு வந்து நிக்கிறாங்க. ஒன்னப் பத்தி ஒண்ணும் கேக்கல. பாட்டு எங்கன்னுதான் கேக்குறாங்க."

ஒரு மாதம் அந்தக் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி இசைத்தட்டை மட்டும் நண்பனுக்குத் தபாலில் அனுப்பினேன். நண்பன் கொண்டுபோய்க் கொடுத்தானாம். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். அதைப் போட்டுக் கேட்க அவர் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. அது தெரிந்தேதான் அனுப்பினேன்.