நார்பர்ட் அத்தானின் புதுச் சைலன்சர்

என் அக்கா லொரெய்னின் புருஷன் நார்பர்ட் அத்தானைப் பற்றி யார் கேட்டாலும், நல்ல மனிதர் என்று முதலில் சொல்லிவிடுவேன். அதைச் சொல்லி வைத்துவிட்டால் மிச்சத்தைக் கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம்.

பஃபலோ நகரத்துக்குக் கிழக்கே எங்கள் தெருவில் பிறந்து, எங்கள் தெருவிலேயே பெண் எடுத்து, ஏரிக்கரை மாவு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அது பிழைப்பு. வாழ்க்கை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் வட்டாரத்துத் தொண்டர் தீயணைப்புப் படையை. சம்பளம் கிடையாது. இடுப்பில் ஒரு பேஜர் உண்டு. அது அலறினால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓட வேண்டும், அங்கே அங்கியும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு சிவப்பு வண்டியில் ஏறிப் போக வேண்டும். எது எரிந்தாலும் முதலில் நிலையம், பிறகுதான் நெருப்பு. அதுதான் விதி.

சேர்ந்த நாளிலிருந்து ஓர் அழைப்பைக்கூடத் தவறவிட்டதில்லை என்பது அத்தானின் பெருமை. கல்யாணத்தன்று கேக் வெட்டப் போகும் சமயத்தில் ஓடினார். என் அக்கா மகள் மோனிகா பிறந்த அன்று ஏதோ கடைக்குப் பின்னால் குப்பைத்தொட்டி எரிந்தது. அதை அணைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இன்றைக்கும் அந்தக் கடை வழியாகப் போனால் அக்கா அந்தத் தொட்டியை முறைத்துவிட்டுத்தான் போவாள்.

சரி, சைலன்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். பனி கரைகிறதோ இல்லையோ, வண்டிகள் கரைகின்றன. அத்தானின் பழைய பெரிய காருக்கு அடியில் புகைக்குழாய் எங்கெங்கோ ஓட்டை விட்டுவிட்டது. அவர் புறப்பட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும். ஞாயிறு பூசைக்கு அவர் வந்து சேர்வதை வைத்துத்தான் பாதிரியார் அங்கியை மாட்டுகிறார் என்று ஊரில் பேச்சு. அத்தான் அந்த ஓட்டையை ஒரு சூப் தகர டப்பாவை வெட்டிச் சுற்றி, கம்பி போட்டு இறுக்கி வைத்திருந்தார். சத்தம் மட்டும் என்றால் பரவாயில்லை, புகையும் வண்டிக்குள்ளேயே வந்தது.

"நார்பர்ட், எனக்குத் தலை சுத்துது. வண்டிக்குள்ள புகை வருது."

"காபியைக் குறை. எத்தனை தடவை சொல்றது?"

"காபி வாசனையா இது? மூக்கு இருக்கா உனக்கு?"

"உங்க குடும்பத்துக்கே தலைவலிதான். பின்னாடி உன் தங்கச்சியைப் பாரு, தலையைப் பிடிச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கா."

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் புகைதான் வந்துகொண்டிருந்தது. பிப்ரவரிக் குளிரில் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, மப்ளரைக் கண் வரைக்கும் சுற்றிக்கொண்டு, கொள்ளையடிக்கப் போகிறவர்களைப் போல நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போனோம்.

அந்த ஜனவரியில்தான் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ராசெஸ்டரில் மோனிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அக்காவுக்கு முதல் பேத்தி. கைபேசியில் பார்த்ததோடு சரி, இன்னும் தூக்கவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை நண்பகலில் ஞானஸ்நானம். தன் கல்யாண கவுனைப் பிரித்து, அந்தத் துணியில் குழந்தைக்கு வெள்ளை அங்கி தைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. அதைத் தன் கையால் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் நடக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மோனிகா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, அந்த வண்டியில அம்மா இனிமே ஏறக் கூடாது. நச்சுப் புகைப்பா அது. நீங்க சரி பண்ணலேன்னா இவரை அனுப்புறேன், வந்து கூட்டிக்கிட்டு வருவாரு."

"மருமகன் வந்து ஏத்திக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன பழைய சோபாவா?" என்று அத்தான் போனை வைத்துவிட்டார்.

"மெக்கானிக் கடையில விட்டா ஒரே நாள்ல முடிஞ்சுடும்" என்றாள் அக்கா.

"என் வண்டிக்கு அடியில இன்னொருத்தன் படுக்கறதா?"

எங்கள் தெரு ஆண்களின் நோய் இது. வண்டியைக் கடையில் விட்டவனைப் பற்றி, பாவம், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம் என்கிற குரலில்தான் பேசுவார்கள். ஆகவே அத்தான் தானே மாற்றுவதாக அறிவித்தார். மாற்றுவது மட்டும் போதாதாம், இருந்ததைவிட உசத்தியாகப் போடப் போகிறாராம். எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரைக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கார் ஷெட் கதவு மேலே ஏறினால், அழைப்பிதழ் வந்த மாதிரி. தீயணைப்புப் படைத் தலைவர் செஸ்டர் மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டார். படையில் ஏணி பிடிக்கும் ஜிகியும் பீரோடு வந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். அத்தான் வண்டியை ஜாக்கியில் தூக்கி, தாங்கி வைத்து, அடியில் போய்ப் படுத்தார். மற்றவர்கள் உட்கார்ந்து அவருடைய பூட்ஸுக்கு யோசனை சொன்னார்கள்.

"இடது பக்கம் திருப்பு நார்பர்ட்."

"இடதுதான் திருப்புறேன்!"

"எங்களுக்கு இடதா, உனக்கு இடதா?"

"யோவ் ஜிகி, உன் வாயில பீரை ஊத்து, வார்த்தையை ஊத்தாத!"

துருப்பிடித்த போல்ட்டில் எண்ணெய் விட்டு ஊற வைத்தார். தட்டினார். நெருப்புக் காட்டிச் சூடாக்கினார். கடைசியில் ஸ்பேனர் போட்டு மூச்சைப் பிடித்துத் திருப்ப, போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்தது. அடியிலிருந்து வந்த சொற்கள் தவக்காலத்துக்கு ஆகாதவை, எழுத மாட்டேன். ஷெட்டில் எல்லோரும் போல்ட்டுக்கு அஞ்சலியாகத் தொப்பியைக் கழற்றினார்கள். அன்றைய வேலை அதோடு முடிந்தது, பீர் மட்டும் தொடர்ந்தது.

இப்படியே ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் முழுக்கப் போயிற்று. கறி தின்னக் கூடாத நாள் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் படை நிலையத்தில் மீன் பொரித்து விற்பார்கள். ஊரே தட்டோடு வரிசையில் நிற்கும். ஜெபத்தில் யாரும் அக்காவின் பேத்தியை நினைத்தார்களோ என்னவோ, வரிசையில் எல்லோரும் அத்தானின் குழாயை நினைத்தார்கள். "வந்துடுச்சா?" என்பார்கள். "பாதி வந்துடுச்சு" என்பார் அத்தான், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி. நிஜப் பிரசவத்தில் அவர் அப்படி நின்றதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீனைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

எனக்குக் கண்புரை, வண்டி ஓட்டுவதை விட்டாயிற்று. அக்கா பாதி ஆயுள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனிப்புயலில் ஐம்பது பிள்ளைகளைக் கீறல் படாமல் வீடு சேர்த்தவள். ஆனால் அத்தானின் காரில் அவளுக்குப் பக்கத்து இருக்கைதான். "இந்த வண்டிக்கு என் கைதான் பழக்கம்" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். சைலன்சர் டப்பா வாங்குகிற கட்டம் வந்தபோது ஜிகி துள்ளினார். "சிங்கம் மாதிரி உறுமுற டப்பா இருக்குடா! நாம இளவட்டத்துல போட்டமே, அது!" அத்தானின் கண் கொஞ்ச நேரம் மின்னியது. பிறகு, "வேணாம்டா, குழந்தை தூங்கும்" என்றார். இருப்பதிலேயே அமைதியானதை வாங்கி வந்தார். அன்றைக்கு அவர் தட்டில் இரண்டு பியரோகி கொழுக்கட்டை கூடுதலாக வைத்தேன்.

ஞானஸ்நான நாள் வந்துவிட்டது. காலையிலும் அத்தான் வண்டிக்கு அடியில்தான். கோட்டு சூட்டுப் போட்டு, டை கட்டி, அதற்கு மேலே அழுக்கு அங்கியை மாட்டிக்கொண்டு படுத்திருந்தார். குழாயைத் தொங்கவிடும் ரப்பர் வளையம் ஏறவில்லை. அக்கா பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்ட, வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. கடைசி அலங்காரமாக, குழாய்ச் சூடு மேலே ஏறாமலிருக்க அதன் முன்பாதியில் ஒரு கண்ணாடி நார்ப் பட்டியைச் சுற்றியிருந்தார். அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. பந்தயக் கார்களுக்கு அப்படித்தான் சுற்றுவார்களாம்.

வழக்கம்போல் வந்திருந்த படை ஆட்கள் வண்டியை ஷெட்டிலிருந்து வாசலுக்குத் தள்ளினார்கள். நாற்காலிகளும் கூடவே வந்தன. அத்தான் அழுக்கு அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

சத்தமே இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று செஸ்டர் குனிந்து பார்த்தார். ஓடியது. அத்தான் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றார். கைதட்டினார்கள். அக்காவின் கண் கலங்கிவிட்டது. குழந்தையின் அங்கி இருந்த பெட்டியை எடுத்து வர உள்ளே ஓடினாள்.

அதற்குள் வண்டிக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. முதலில் கொஞ்சம், பிறகு மூட்டை மூட்டையாக. புது அடுப்பை முதல் நாள் பற்றவைத்தால் புகைகிறதில்லையா, அதே சங்கதிதான். புதுப் பட்டி சூடேறிப் புகைந்தது. இது ஷெட்டிலிருந்த ஆண்களுக்கும் தெரியும். "எரியட்டும், அடங்கிடும்" என்று ஜிகியே சொன்னார். ஆனால் எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸுப் பெண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்தவள் பதறிப்போய்ப் போன் செய்துவிட்டாள்.

வாசலில் நின்ற அத்தனை இடுப்புகளிலும் பேஜர் ஒரே சமயத்தில் அலறியது.

கார் தீப்பற்றி எரிகிறது என்று சொல்லி, தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் வாசித்தது. அந்த எண் பலகை செஸ்டரின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்ந்தும் பார்த்தார். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், பார்த்தார்.

"கிளம்புங்கடா!" என்றார்.

நாற்காலிகள் உருண்டன. பீர் கொட்டியது. எல்லோரும் நிலையத்தைப் பார்த்து ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது யாரென்று நினைக்கிறீர்கள்? டை தோளுக்குப் பின்னால் பறக்க, நார்பர்ட் அத்தான். வண்டி வாசலில் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்கா தொப்பி வைத்துக்கொண்டு, பெட்டியோடு வெளியே வந்து என்னைக் கேட்டாள். "டோலரஸ், அந்த மனுஷன் எங்கடி ஓடுறான்?"

"உன் வீட்டுல தீயாம். அணைக்கப் போறாரு."

அக்கா புகையைப் பார்த்தாள். காலியான வாசலைப் பார்த்தாள். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். புகை இளைத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடவிட்டாள். சன்னமாக ஒரு நூல் வந்து, அதுவும் நின்றுபோனது.

"அவருக்குப் போன் போடு."

போட்டேன். ஷெட்டுக்குள் வேலை மேசையிலிருந்து மணி அடித்தது.

"அவர் வரட்டும்க்கா, சேர்ந்தே போயிடலாம்" என்றேன்.

"வந்தா? செஸ்டர் சும்மா விடுவானா? வண்டியைச் சுத்திக் கயிறு கட்டுவான், அறிக்கை எழுதுவான், அப்புறம் தண்ணிக் குழாயைக் கழுவிக் காயவைப்பானுங்க. அதுக்குள்ள என் பேத்திக்குக் கல்யாணமே ஆயிடும்." வண்டிக் கதவைத் திறந்தாள். "எத்தனை அழைப்புக்கு நான் காத்துக்கிட்டு இருந்திருக்கேன்டி! இது எனக்கு வந்த அழைப்பு. ஏறு."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அதை முன்னால் இழுத்து, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். எதிர் வீட்டு நர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, நான்தான் போன் பண்ணேன்... வந்தா என்ன சொல்லட்டும்?"

"தீ ராசெஸ்டருக்குப் போயிடுச்சுன்னு சொல்லும்மா" என்றாள் அக்கா.

பெரிய சாலைக்கு வந்தோம். உள்ளே புகை இல்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தோம், தலையும் வலிக்கவில்லை. எதிரே சைரன் கேட்டது. தீயணைப்பு வண்டி வந்தால் ஓரம் கட்டி நிற்பது எங்கள் ஊர்ச் சட்டம். பேருந்து ஓட்டிய கை இல்லையா, அக்கா அழகாக விளக்குப் போட்டு ஓரமாக நிறுத்தினாள்.

சிவப்பு வண்டி பாய்ந்து வந்தது. முன் ஜன்னலில் தலைக்கவசத்தோடு அத்தான் இருந்தார். முகம் கடமையில் கல்லாகியிருந்தது. தன் காரைக் கடந்து போனார். அந்தக் கார் எங்கே நின்றாலும் காதால்தான் அவருக்குத் தெரியும், இன்றைக்கு அது மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் ஒதுங்கி வழிவிட்ட ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் போகிற வழக்கம் எங்கள் படையில் கிடையாது. கையை நெற்றிக்கு உயர்த்தி, அக்காவைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார். யாரென்று தெரியாமலே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் ஹாரனை அடிக்கக் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, அந்த மனுஷன் எனக்கு நன்றி சொன்னது இதுதான்டி முதல் தடவை" என்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, சாலையில் ஏறினாள்.