இன்னொருக்கா வைம்மா

மாசி மகத்துக்குச் சிதம்பரத்திலிருந்து வந்து, தேவனாம்பட்டினத்தில் சாமி கடலுக்கு வரக் காத்திருக்கிறேன். வெயிலுக்காக ரேஷன் கடை ஓரம் ஒதுங்குகிறேன். மீன் விற்கிற அம்மா ஒருத்தி கைரேகை மெஷினில் கட்டைவிரலை வைக்கிறாள். ஐஸும் உப்பும் ரேகையைத் தேய்த்துவிட்ட விரல், மெஷின் ஏற்கவில்லை. மாதக் கடைசி. இன்று விட்டால் இந்த மாத அரிசி போச்சு.

"தொடைச்சிட்டு இன்னொருக்கா வைம்மா" என்கிறார் கடைக்காரர்.

"ஆளே நிக்கிறேன், நம்பமாட்டேங்குதே" என்று என்னைப் பார்க்கிறாள்.

சுனாமி வந்த வாரம் இங்கே அரிசி மூட்டையோடு வந்தேன். எல்லோருடைய ரேஷன் அட்டையும் கடலோடு போயிருந்தது. "இவ நம்ம குப்பத்துப் பொண்ணு" என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னால் போதும், அளந்து போடுவோம். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"ஆதார் சட்டம் வந்தப்ப, வேணாங்கறவுங்க வேற அட்டை காட்டட்டும்னு டெல்லி மேல்சபையில சொன்னாங்கம்மா. பேப்பர்ல படிச்சேன்" என்கிறேன்.

"மேல்சபைக்கு என்னா வேலைண்ணா?"

"கீழ்சபையில பாஸானத இன்னொருக்கா பாக்கறது. இத பண மசோதான்னு கொண்டாந்ததால யோசனை மட்டுந்தான் சொல்ல முடிஞ்சிது. கீழ்சபை ஏத்துக்கல."

அவள் விரலை முந்தானையில் துடைக்கிறாள். "அவுங்க பேச்சே எடுபடல. எனக்கு இவரு இன்னொருக்கா வைன்னாவது சொல்றாரு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே மோதிர விரலை வைக்கச் சொல்கிறார். மேளம் நெருங்குகிறது, சாமி வந்துவிட்டது. நான் மெஷினையே பார்த்து நிற்கிறேன். மெஷின் ஒலித்து அவள் பெயரைக் காட்டுகிறது. பையில் அரிசி விழுகிற சத்தம் அன்று கேட்டது போலவே இருக்கிறது. அதைக் கேட்டபிறகுதான் கைகூப்பிக் கடல் பக்கம் திரும்புகிறேன்.