தையலுக்குள் விட்ட துணி

யூஜினா கைவீசி நடந்தால் எதிரே வருபவர்கள் கடல்பக்கமாக ஒதுங்குவார்கள். விடிந்ததும் மரைன் டிரைவில் அவருக்கும் பக்கத்தில் ஓடும் கல்கிசை ரயிலுக்கும் போட்டி. கழுத்தில் அளவு நாடா தொங்கும். கழற்ற மறந்ததா, தொழிலுக்கு விளம்பரமா என்று வெள்ளவத்தை இன்னும் தீர்மானிக்கவில்லை.

சாறி பிளவுஸ் தைப்பவர். தொழிலில் அவருக்கு ஒரே கொள்கை: தையலுக்குள் தாராளமாகத் துணி விடவேண்டும். "இண்டைக்கு ஈர்க்கில் மாதிரி நிப்பினம், நாளைக்குக் கலியாணம், பிறகு பிள்ளை. பிரிச்சுவிடத் துணி வேணுமே." மனித குலத்தின் எதிர்காலத்தை இவ்வளவு தெளிவாகக் கண்டவர்கள் குறைவு. அவருடைய சொந்தச் சட்டைகளில் அந்த எதிர்காலம் எப்போதோ பிரித்து விடப்பட்டாயிற்று.

நடை தொடங்கியது கொட்டாஞ்சேனையில் இருக்கும் தம்பி கிளெமென்றுக்காக. அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. அக்காவின் சிறுநீரகம் பொருந்துகிறது. அக்காவின் எடைதான் பொருந்தவில்லை. "குறைச்சுக்கொண்டு வாங்கோ, எடுப்பம்" என்றார் டொக்டர்.

முதல் மாதம் ஒருநாள் தவறாமல் நடந்தார். எடை கூடியது. மருத்துவ விஞ்ஞானம் திகைத்தது. விஞ்ஞானத்துக்குப் பாதை தெரியாது. அவர் நடந்தது பாமன்கடைப் பக்கம், வழியெங்கும் சொந்தக்காரர். வாசல்வரை வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் குடும்ப மானம் என்னாவது? ஒரு வீட்டில் பால் தேத்தண்ணி, அடுத்த வீட்டில் கட்லட். மச்சாள் எவ்லின் தட்டை நீட்டிக்கொண்டே சொல்வார்: "நடந்ததெல்லாம் வேர்வையாப் போச்சு மச்சாள். ஒரு றோல்ஸ் ஒண்டும் செய்யாது."

டொக்டர் சிரிக்கவில்லை. "நடை மட்டும் குறைக்காது அம்மா. வாயும் குறையவேணும்."

"அப்ப ஏன் டொக்டர் நடக்கிறது?"

"குறைஞ்சது திரும்பி வராமல் இருக்க."

அன்றிலிருந்து கடற்கரைதான். கடலுக்கு உபசரிக்கத் தெரியாது. தையல் மெசினின் மோட்டரையும் கழற்றிவிட்டார். இப்போது காலால் மிதிக்கிறார். எவ்லின் மச்சாள் கோபித்துக்கொண்டு கதைப்பதில்லை. அந்த மௌனமே கணிசமாகக் குறைத்திருக்கும் என்பது என் ஊகம்.

போன கிழமை கிளெமென்ற் வந்து மெசினுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். முகம் ஊதியிருந்தது. வாய் மட்டும் நல்ல சுகமாக இருந்தது.

"அக்கா, கட்லட்டைக் கண்டா என்ர முகம் ஞாபகம் வருமோ?"

"வரும். ரெண்டும் ஒரே வடிவம்தானே."

தொளதொளத்துப்போன தன் சட்டையை யூஜினா இருபக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மிஞ்சி நின்றது.

"அந்தத் துணி உள்ளுக்கே கிடக்கட்டும் அக்கா," என்றார் தம்பி, பகிடியை விட்டுவிட்டு. "என்ர விசயம் சரிவராட்டி, நீ திரும்பச் சாப்பிடுவாய்தானே. தேவைப்படும்."

யூஜினா கத்தரிக்கோலை எடுத்து, மிஞ்சிய துணியைத் தையல் நூலின் ஓரத்தோடு ஒட்ட வெட்டினார். பிறகு சட்டையைத் திருப்பி, மற்றப் பக்கத்தையும்.