கஸ்டமர் பொருள்

எங்கள் தெருவில் என் கணவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்பார்கள். அவர் படித்தது பன்னிரண்டாம் வகுப்பும் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸும்தான். ஆனால் செத்துப்போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிற கம்ப்யூட்டரை மூடி கழற்றி, ஊதி, துடைத்து, எழுப்பி உட்காரவைத்துவிடுவார். அதில் வந்த பட்டம். வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்து ஒரு மேசை, அதற்குப் பின்னால் இரும்பு அலமாரி, அலமாரி நிறைய ஊரார் கம்ப்யூட்டர்கள்.

அந்த அலமாரிக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் நூலில் கோத்த அட்டை ஒன்றைக் கட்டுவார். யாருடையது என்று அதில் எழுதியிருக்கும். அட்டை கட்டிய பெட்டியிலிருந்து ஒரு திருகாணியைக்கூடக் கழற்றி இன்னொன்றில் போடமாட்டார். "கஸ்டமர் பொருள், தொடக் கூடாது" என்பார். இனி உதவாது என்று ஒதுக்கிய பாகங்கள் தவறிப்போய் யார் பெட்டிக்குள்ளும் நுழைந்துவிடக் கூடாதென்று அவற்றுக்குச் சிவப்புப் பொட்டு வைப்பார். அந்தச் சிவப்பு என்னுடைய நகப்பூச்சு. வாங்கிய பாட்டிலில் பாதி என் நகத்தைப் பார்த்ததே கிடையாது.

இவ்வளவு ஒழுங்கான மனிதருக்கு வாயில் வராத ஒரே வார்த்தை 'முடியாது'. பாதிச் சாப்பாட்டில் யாராவது வாசலில் நின்று "டாக்டர், பிரிண்டர் வேலை செய்யல" என்றால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் கேட்டால் மட்டும், "நம்ம வீட்டுதுதானே, நாளைக்குப் பாக்கலாம்." பின்னறையில் இருக்கிற என் கம்ப்யூட்டரின் ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் பிழைப்பு. விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், பில் புத்தகம் என்று வடிவமைத்துக் கொடுப்பேன். வருடக்கணக்காக இப்படித் துண்டு வேலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதல்முறையாக ஒரு முழுப் புத்தகம் கிடைத்தது. குழந்தைகளுக்கான பறவைகள் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் பெரிய பெரிய படங்கள். முதல் பக்கத்தில் 'வடிவமைப்பு' என்று போட்டு அதற்கு எதிரே என் பெயர் வரும் என்று பதிப்பாளரம்மா சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை மட்டும் எத்தனை எழுத்துருவில் போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அச்சகத்துக்கு ஃபைல் போயாக வேண்டும். காலையிலேயே எல்லாவற்றையும் முடித்து, முழுப் புத்தகத்தையும் அச்சுக்கான ஒரே ஃபைலாக மாற்றப் பட்டனை அழுத்தினேன். பாதி ஓடியிருக்கும், திரை பொட்டென்று அணைந்தது. எச்சரிக்கை இல்லை, ஒன்றும் இல்லை. மாவு மில்லும் நின்றுவிட்டது. மறுபடி ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்தது. சேமித்து வைத்ததெல்லாம் பத்திரமாக இருந்தது. மறுபடி பட்டனை அழுத்தினேன், மறுபடி பாதியில் அணைந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

"ஒரு நிமிஷம், பேங்க்காரர் லேப்டாப்ப முடிச்சிட்டு வந்துடறேன்."

அவருடைய ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா. மூன்றாம் முறையும் அணைந்ததும் முன்னறைக்குப் போய் அவர் கையில் இருந்த திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். திருப்புளி போகிற இடத்துக்கு அவரும் வருவார்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன பண்ணின?"

"வேலை பண்ணினேன்."

ஒயரை மாற்றினார். அணைந்தது. பிளக்கை வேறு இடத்தில் செருகினார். அணைந்தது. பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, மேசைக்கு அடியில் கிடத்தி, அறை முழுக்கத் தூசி பறக்க ஊதினார். ரேமை உருவி என் அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். அரைமணி நேரம் ஓடியும் அணையாமல் இருக்கவே, "பாத்தியா" என்று நிமிர்ந்தார். நான் பட்டனை அழுத்தினேன். அணைந்தது.

"எதுக்கும் ஃபார்மேட் பண்ணிப் பாத்துடலாமா?"

"பண்ணுங்க. அப்படியே என்னையும் ஃபார்மேட் பண்ணிடுங்க, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி ஆயிடறேன்."

நடுவில் பதிப்பாளரம்மா போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். "என்னம்மா, அச்சகத்துல ராத்திரிக்கு மிஷின் நமக்குன்னு வச்சிருக்காங்க. உன்னால முடியலன்னா சொல்லிடு, இருக்கறத அப்படியே நம்ம பழைய ஆளுக்கு அனுப்பு, அவர் முடிச்சிடுவார். பேரும் அவர் பேரையே போட்டுக்கறேன், குழப்பம் வேண்டாம்." சாதாரணமாகத்தான் சொன்னார். ஆறு மணி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வைத்தேன். தெருவில் இருக்கிற வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் நான் வேலை செய்கிற மென்பொருள் கிடையாது.

மேசைக்கு அடியில் டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. பிடித்துக்கொண்டு இருக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் கை பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் போய்வந்தது, மேல்மூலைக்கு மட்டும் போகவில்லை. நான் வெளிச்சத்தை அங்கே கொண்டுபோனால் "இந்தப் பக்கம் பிடி, இந்தப் பக்கம்" என்று தோளால் மறைத்தார். மறைக்கத் தெரியாத மனிதர். கையை நீட்டி அவர் தோளுக்கு மேலாக டார்ச்சை அடித்தேன். அந்த மூலையில், உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி இருந்தது. அதன் நெற்றியில் சிவப்புப் பொட்டு.

என் நகப்பூச்சை எனக்கு அடையாளம் தெரியாதா.

"இது என்ன?"

அவர் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தே சொன்னார். "மருந்துக்கடையில அன்னைக்கு ஒரே கூட்டம். பில் போட முடியாம நின்னுட்டாங்க. ரெண்டு நாளைக்குன்னு உன்னோடதக் கழட்டி அங்க மாட்டினேன். இது சின்ன வேலைக்குத் தாங்கும்னுதான் உனக்கு..."

"என்னைக்கு?"

"நீ அக்காவுக்குக் கண் ஆபரேஷன்னு போயிருந்தியே, அப்ப."

ஐந்து மாதம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. எந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாதென்று அவரே பொட்டு வைத்ததை என் பெட்டிக்குள் வைத்துவிட்டு, காலையிலிருந்து தெரிந்தே ரேமைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "வேற ஏதாவதா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். இருந்துவிடாதா என்ற ஆசை. பவர் சப்ளையைவிட அந்தச் 'சின்ன வேலை'தான் அதிகம் சுட்டது.

சண்டைக்கு நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, உதிரிபாகக் கடை ஒன்றும் திறந்திருக்காது. "அலமாரியில நாலு பெட்டி நல்லாயிடுச்சுன்னு சொன்னீங்கல்ல. ஒண்ணுலேருந்து கழட்டி ஒரு மணி நேரத்துக்கு மாட்டுங்க, அப்புறம் திருப்பி வச்சிடலாம்."

"ஐயையோ, அது கஸ்டமர் பொருள்" என்றார்.

யோசிக்காமல் வந்த பதில். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார். ஒயர்களைப் பிடுங்கினேன். மூடி இல்லாத பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னறையைத் தாண்டி, தெருவில் இறங்கி, சுற்றி வந்து, கடை மேசைமேல் தொப்பென்று வைத்தேன். டப்பாவிலிருந்து ஓர் அட்டையை எடுத்து 'பின்னறைக்காரி' என்று எழுதிக் கட்டினேன். அவர் பின்னாலேயே ஓடி வந்து, மேசைக்கு உள்பக்கம் நின்று விழித்தார். நான் வெளிப்பக்கம், எல்லோரும் நிற்கிற இடத்தில்.

"டாக்டர், என் கம்ப்யூட்டர்ல இருந்த நல்ல பவர் சப்ளையை யாரோ எடுத்துட்டாங்க. ஆறு மணிக்குள்ள எனக்கு அது வேணும். முடியுமா, முடியாதா?"

கஸ்டமரிடம் அவருக்கு 'முடியாது' வராதே. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திருப்புளியை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு செருப்பு மாட்டிவிட்டார்.

நானும் கூடவே போனேன். மருந்துக்கடை அண்ணனிடம் கேட்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். இருமினார். கடை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். கடைசியில் நானே, "அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற பவர் சப்ளை என்னோடது, எனக்கு இப்ப வேணும்" என்றேன்.

"அட, உன்னோடதாம்மா? இவர் சொல்லவே இல்லையே. கேட்டிருந்தா மறுநாளே வேற வாங்கிப் போட்டிருப்பேனே டாக்டர்" என்றவர், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கையால் பில் எழுத உட்கார்ந்துவிட்டார். இதற்குத்தான் ஐந்து மாதம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் மாட்டியதும் நான் பட்டனை அழுத்தினேன். பாதியைத் தாண்டியது. முடிந்தது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பாக ஃபைல் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எனக்கு இப்ப எதுவும் கேக்க வேண்டாம்" என்று போய்ப் படுத்துவிட்டேன்.

புத்தகம் வந்தது, என் பெயர் அதன் இடத்தில் இருந்தது. அவர் ஒரு பிரதியை மேசைமேல் வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

போன வாரம் பள்ளிக்கூட கிளார்க் வந்து நின்றார். அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் பவர் சப்ளைதான் போய்விட்டதாம். "உள்ள உங்க வீட்டுது ஒண்ணு சும்மா இருக்கே டாக்டர், அதுலேருந்து ரெண்டு நாளைக்கு..." பின்னறையில் என் கை விசைப்பலகைமேல் நின்றுவிட்டது.

"இல்ல சார், அது கஸ்டமர் பொருள். முடியாது."

அவர் வாயிலிருந்து ஒரு வெளியாளிடம் அந்த வார்த்தை வந்து நான் அதுவரை கேட்டதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன்தான். ஆனால் அதற்கு நான் தெருவில் இறங்கி மேசைக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டியிருந்ததே என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டார். "உன் கம்ப்யூட்டர்ல கட்டின அந்த அட்டையை இப்பவாவது அவுத்துடலாமே. வீட்டுக்கு வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க."

"இருக்கட்டும்" என்றேன்.